கழுத்துப்பட்டி – பாகம் 7
சீருடை அணிந்த பிள்ளை

இதுவரை: மாஃபெக்கிங் முற்றுகையின்போது செய்தி சுமந்து ஓடிய சிறுவர்களைப் பார்த்த பேடன் பவலுக்கு ஒரு யோசனை பிறந்தது. 1907 ஓகஸ்டில் பிரவுன்சித் தீவில் இருபது சொச்சம் பையன்களோடு கூடாரமடித்து அதைச் செய்து பார்த்தார். 1908இல் புத்தகமாக எழுதினார். 1912இல் அந்த யோசனை நம் தீவில் கால் வைத்தது. மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் இலங்கையின் முதற் சாரணர் துருப்பைத் தொடங்கினார்.

மாத்தளையிலிருந்து கதை நேரே வடக்கே ஏறி யாழ்ப்பாணக் கல்லூரிகளுக்குப் போகும், அங்கிருந்து ஆனையிறவு தாண்டி வன்னிக்கு வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். வரத்தான் போகிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். வன்னியில் இருந்துகொண்டு சாரணர் வரலாறு எழுதுகிறவன் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

ஒரு பிள்ளைக்குச் சீருடை போட்டு, கையில் தடியும் இடுப்பில் கயிறும் கொடுத்து, வரிசையில் நிறுத்துகிறோம். அந்தப் பிள்ளையைப் பார்த்து யார் பயப்படுகிறார்கள்? அந்தப் பிள்ளைக்காக யார் பயப்படுகிறார்கள்?

இரண்டும் வேறு வேறு பயங்கள். முதலாவது பயம் நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் அரசாங்கத்தைப் பிடித்தாட்டியது. இரண்டாவது பயம் எப்படியிருக்கும் என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தாய்மாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மணியாச்சிச் சந்தி

1911 ஜூன் 17. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், மணியாச்சி ரயில் நிலையத்தில் நின்ற வண்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். 25 வயது வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். பிறகு அதே கைத்துப்பாக்கியால் தன்னையும் மாய்த்துக்கொண்டார்.

வங்காளத்தில்தான் வெடிகுண்டு, தெற்கு சாதுவான பூமி என்று அதுவரை நினைத்திருந்த ஆங்கில அதிகாரிகளின் நிம்மதி அன்றோடு போயிற்று. படித்த இளைஞன் ஒருவன் மௌனமாக நடந்து வந்தாலே சந்தேகப்பட வேண்டிய காலம் அது.

நம் தீவிலும் நிலைமை வேறல்ல. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பு நகரக் காவற்படையில் கப்டனாக இருந்த 26 வயது ஹென்றி பேதிரிஸை ஆங்கில அரசு தேசத்துரோகக் குற்றம் சுமத்திச் சுட்டுக் கொன்றது. தானே சீருடை கொடுத்த இளைஞனையே நம்ப முடியாத அரசு அது.

இந்தப் பின்னணியில் சாரணர் பயிற்சியை ஓர் அதிகாரியின் கண்ணால் பாருங்கள்.

தரையில் கிடக்கும் அடிச்சுவட்டைப் பார்த்து ஆள் போன திசையைச் சொல்வது. வரைபடம் வாசிப்பது. இரவில் நட்சத்திரத்தைக் கொண்டு வழி பிடிப்பது. கொடியசைத்துத் தூரத்திலிருந்து செய்தி அனுப்புவது. சத்தமில்லாமல் புதருக்குள் நகர்வது. எல்லாவற்றையும் பார்த்து ஞாபகத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்வது. இவை முதலில் படைவீரர்களுக்கு எழுதப்பட்ட பாடங்கள்தான். பேடன் பவல் 1899இல் வெளியிட்ட இராணுவ வேவுக் கைநூலில் இருந்தவைதான், பிறகு சிறுவர்களுக்கான விளையாட்டாக மாறின.

சாரணன் கையிலிருக்கும் தடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை அடி நீளம், அளவுக் கோடுகள் வெட்டியிருக்கும். குளத்தின் ஆழம் பார்க்கலாம், வேலி தாண்டலாம், கூடாரத்துக்குக் கால் நடலாம். இரண்டு தடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு சட்டைகளின் கைகளை உட்புறமாகத் திருப்பி, தடிகளை அந்தக் கைகளுக்குள் நுழைத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டால் ஒரு ஸ்ட்ரெச்சர் தயார். காயப்பட்ட ஒருவரை இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடக்கலாம். பழகிய கைகளுக்கு இரண்டு நிமிட வேலை.

அதே தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முப்பது பையன்கள் கால் மாற்றாமல் நடந்து போனால்? தூரத்தில் நின்று பார்க்கும் அதிகாரிக்கு அது துவக்கு.

அதனால்தான் இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909இல் பெங்களூரில் தொடங்கியும், ஆங்கிலேய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. கப்டன் பேக்கர் தொடங்கிய அந்தத் துருப்பை இலண்டன் பதிவுசெய்து ஏற்றுக்கொண்டது. இந்தியப் பையன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். சாரணன் மற்றச் சாரணனுக்குச் சகோதரன் என்று விதி சொல்கிறது. அந்த விதியை எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய பெயரிலேயே, அது மீறப்பட்டது. பேடன் பவலும் அப்போது இந்திய அரசாங்கத்தின் விருப்பத்துக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. அவரைக் கொண்டாடுகிற நாம் இதையும் எழுதி வைக்க வேண்டும்.

அடையாறு, 1916

கதவு உள்ளே இருந்து திறக்கவில்லை. வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று வேறு வீடு கட்டினார்கள்.

கட்டியவர் அன்னி பெசன்ட் அம்மையார். அந்த ஆண்டு அவருக்கு 69 வயது. 1916 செப்டெம்பரில் சென்னையில் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். சாரணர் பணியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் ஜோர்ஜ் அருண்டேல். பிற்காலத்தில் கலாஷேத்திராவை உருவாக்கிய ருக்மிணி தேவியின் கணவர் என்றால் நம் வாசகர்களுக்கு உடனே புரியும்.

அவர்கள் தொடங்கிய இந்தியச் சிறுவர் சாரணர் சங்கம் இலண்டனிடம் அனுமதி கேட்கவில்லை. அணி முறை, முடிச்சு, முதலுதவி, பாசறைத் தீ எல்லாம் பேடன் பவல் சொன்னபடியே. தலையில் மட்டும் அகல விளிம்புத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை.

சிறிய மாற்றம்தான். ஆனால் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சென்னைத் தெருவில் நடந்த பையனை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இன்னொருவனின் விளையாட்டை அவன் இரவல் வாங்கி ஆடவில்லை.

வடக்கேயும் இதே வேலை நடந்தது. மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள்.

அரசாங்கம் இப்போது சரியாக மாட்டிக்கொண்டது. இந்தியப் பிள்ளைகளைச் சாரணர்களாக்கினால் ஆபத்து என்று அது கதவைச் சாத்தியது. சாத்தியதாலேயே அந்தப் பிள்ளைகள், சுயாட்சி கேட்கும் அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

உதகமண்டலம், 1917

1917 ஜூனில் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பொறுமையிழந்தார். பெசன்ட், அருண்டேல், அவர்களின் சகா வாடியா மூவரையும் காவலில் வைக்க உத்தரவிட்டார். உதகமண்டலத்தில் வீட்டுக் காவல்.

ஒரு சாரணர் சங்கத்தின் தலைவியும் அவருக்கு வலது கையாக இருந்தவரும் ஒரே நாளில் அரசின் கைதிகளானார்கள். அம்மையார் அங்கும் சும்மா இருக்கவில்லை. தங்கியிருந்த வீட்டின் தோட்டத்தில் சுயாட்சிக் கொடியை ஏற்றினார். நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அதுவரை ஒதுங்கியிருந்தவர்கள்கூடக் கழகத்தில் சேர்ந்தார்கள். ஓகஸ்ட் 20ஆம் திகதி இலண்டனில் இந்திய விவகார அமைச்சர் மொன்டேகு, இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தரப்படும் என்று அறிவித்தார். செப்டெம்பரில் மூவரும் விடுதலையானார்கள். டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்கு அன்னி பெசன்ட் தலைமை தாங்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதற் பெண் அவர்.

காவல் அவரைப் பெரியவராக்கியது. அவர் பெரியவரானதால் அவருடைய சாரணர் சங்கமும் பெரிதாயிற்று. இனி அதைத் தடை செய்யவும் முடியாது, கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

அப்படியானால் கதவு திறந்தது எப்போது? ஏன்?

1921: பேடன் பவல் வருகிறார்

1921இன் தொடக்கத்தில், வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் அழைத்ததன் பேரில், பேடன் பவலும் மனைவி ஓலேவும் இந்தியா வந்தார்கள். பர்மாவும் இலங்கையும்கூட அந்தப் பயணத்தில் அடங்கும். 1876இல் 19 வயதுப் படை அதிகாரியாக லக்னோவில் வந்திறங்கியவர், இப்போது உலகமறிந்த சாரணர் தலைவர்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1916க்கும் 1921க்கும் இடையில் உலகமே புரண்டு படுத்திருந்தது. 1919 ஏப்ரலில் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ரத்தம் ஓடியது. 1920இல் காந்தி ஒத்துழையாமையைத் தொடங்கினார். அரசாங்கப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வெளியே வாருங்கள் என்று மாணவர்களைக் கூப்பிட்டார். பெசன்ட் அம்மையார் இதை எதிர்த்தார். சட்டத்துக்குள் நின்றே சுயாட்சி பெற வேண்டும் என்பது அவருடைய வழி. காங்கிரஸில் அவருடைய குரல் அமுங்கிப் போயிற்று.

1917இல் அரசு கைது செய்த அதே அம்மையார், நான்கே ஆண்டுகளில் அந்த அரசின் கண்ணுக்கு மிதவாதியாகத் தெரிந்தார். அவர் மாறவில்லை. அவருக்கு அப்பால் இன்னும் பெரிய பயம் ஒன்று எழுந்து நின்றது. காந்தியின் பின்னால் போகும் மாணவனைவிட, பெசன்ட்டின் பின்னால் தலைப்பாகையோடு நடக்கும் சாரணன் மேல் என்று அதிகாரிகளுக்குப் பட்டது.

சென்னையில் பேடன் பவலும் பெசன்ட் அம்மையாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவருடைய சங்கம் பேடன் பவலின் சங்கத்தோடு இணைந்தது. இந்தியச் சிறுவர்கள் சாரணர்களாக ஏற்கப்பட்டார்கள். அம்மையார் இந்தியாவின் கௌரவச் சாரண ஆணையாளரானார். பின்னர் 1932இல் சாரணர் உலகின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான வெள்ளி ஓநாய் விருதும் அவருக்குக் கிடைத்தது.

சேவா சமிதி மட்டும் உள்ளே வரவில்லை. அரசருக்கு விசுவாசம் சொல்லும் உறுதிமொழி அவர்களுக்குத் தொண்டையில் சிக்கியது. அந்தப் பிளவு தீர இன்னும் 29 ஆண்டுகள் ஆயின. சுதந்திரத்துக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் திகதிதான் இந்தியாவின் சாரணர் சங்கங்கள் ஒன்றாகின.

பேடன் பவலின் பெருந்தன்மை கதவைத் திறந்தது என்று பழைய சாரணர் நூல்கள் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து ஆண்டுகளாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, யாருடைய அங்கீகாரமும் இல்லாமல் முடிச்சுப் போடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் பழகிய பிள்ளைகள்தான் அதைத் திறந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பேடன் பவலுக்குப் பேச ஆள் இருந்திருக்காது.

அதே 1912, வூசாங்

சென்னைப் பிள்ளைகள் வெளியே நின்ற காலத்தில், இன்னொரு ஆசிய நாட்டில் யாரிடமும் அனுமதி கேட்காமலே ஒரு துருப்பு பிறந்திருந்தது.

1911 ஒக்டோபர் 10ஆம் திகதி சீனாவின் வூசாங் நகரில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மன்னராட்சி சரிந்தது. 1912 ஜனவரி முதலாம் திகதி குடியரசு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் 25ஆம் திகதி, அதே வூசாங்கில், பூன் கல்லூரியில் யென் சியா-லின் என்ற சீன ஆசிரியர் முதற் சீனச் சாரணர் துருப்பைத் தொடங்கினார். மாத்தளைத் துருப்பு பிறந்த அதே ஆண்டு. கலகத்தின் புகை அடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

சென்னைக்கும் வூசாங்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சென்னையில் அந்நிய அரசு பிள்ளையைப் பார்த்துப் பயந்தது. வூசாங்கில் பயப்பட அந்நிய அரசு இல்லை. சொந்த நாடு, சொந்த ஆசிரியர், சொந்தப் பிள்ளைகள். அங்கே சாரணர் வாழ்வு நிம்மதியாக வளர்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நடந்தது வேறு. 1926இல் கோமின்டாங் கட்சி, சாரணர்களைத் தன் கட்சியின் அமைப்பாக்கத் தீர்மானித்தது. 1934இல் சீனச் சாரணர் பொதுச் சங்கம் அமைந்தபோது அதன் தலைவர் சியாங் கை-ஷேக். படைத் தளபதியும் அவர்தான், கட்சித் தலைவரும் அவர்தான், பிள்ளைகளின் சாரணத் தலைவரும் அவர்தான். ஆசிரியர் தொடங்கியதை ஆட்சி எடுத்துக்கொண்டது.

பிறகு யுத்தம் வந்தது.

சூச்சோ ஓடை, 1937 ஒக்டோபர்

ஷங்காயில் ஓகஸ்ட் 13ஆம் திகதி ஜப்பானியப் படையோடு தொடங்கிய சண்டை ஒக்டோபர் கடைசியில் முடிவை நெருங்கியது. சீனப் படை பின்வாங்கியது. பின்வாங்கும்போது ஒரு படைப்பிரிவை மட்டும் விட்டுச் சென்றது. சூச்சோ ஓடையின் வடகரையில் நான்கு வங்கிகளுக்குச் சொந்தமான சிகாங் பண்டகசாலை. தடித்த கொங்கிறீற் சுவர். உள்ளே லெப்டினன்ட் கேணல் சியே சின்யுவானும் நானூறு சொச்சம் வீரர்களும்.

ஓடையின் தென்கரையில் வெளிநாட்டார் ஆளும் குடியேற்றப் பகுதி. அங்கே சண்டை நடக்கவில்லை. ஆயிரக்கணக்கான மக்கள் அந்தக் கரையில் நின்று, எதிர்க்கரையில் நடக்கும் சண்டையைக் கண்ணால் பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் ஒருவர் யாங் ஹுய்மின். சாரணியர், 22 வயது, போர்க்காலச் சேவைக் குழுவில் இருந்தவர். சுற்றிலும் பிரித்தானியக் கொடியும் ஜப்பானியக் கொடியும் பறந்தன. சீனர்கள் செத்துக்கொண்டிருந்த கட்டடத்தின் மேல் சீனக் கொடி இல்லை.

ஒக்டோபர் 28 இரவு, கொடியை உடலில் சுற்றி மேலே சாரணியர் சீருடையைப் போட்டுக்கொண்டு, இருட்டில் வீதியைக் கடந்து தவழ்ந்து பண்டகசாலைக்குள் போனதாக அவரே பின்னர் சொன்னார். கொடி அங்கே போன விதம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. மறுநாள் காலை கூரையில் கொடி பறந்தது. மூங்கிலைக் கட்டிக் கம்பமாக்கியிருந்தார்கள். தென்கரையில் நின்ற கூட்டம் அதைப் பார்த்து ஆர்ப்பரித்தது. உள்ளே எண்ணூறு பேர் என்று உலகம் நம்பியது. நவம்பர் முதலாம் திகதியளவில், உயிரோடு மீந்தவர்கள் பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வந்து ஆயுதங்களை ஒப்படைத்தார்கள்.

யாங் ஹுய்மின் ஒரே இரவில் நாட்டின் அடையாளமானார். 1938இல் அமெரிக்காவில் நடந்த உலக இளைஞர் மாநாட்டுக்கு அனுப்பப்பட்டார். அவரைப் பற்றிப் படங்கள் எடுத்தார்கள். அதற்குப் பின் நடந்ததைப் படங்கள் காட்டுவதில்லை. யுத்தம் முடியும் முன்பே, உளவுத்துறைத் தலைவர் தாய் லி அவர் மீது குற்றம் சுமத்திச் சிறையில் அடைத்தார். எந்த ஆட்சியின் கொடியைச் சுமந்தாரோ அதே ஆட்சியின் சிறை. விடுதலையான பிறகு தாய்வான் போய், அங்கே 1992இல் காலமானார்.

1949இல் சீனாவில் ஆட்சி மாறியது. பெருநிலத்தில் சாரணர் இயக்கம் இல்லாமற் போய், சிவப்புக் கழுத்துப்பட்டியோடு இளம் முன்னோடிகள் என்ற அமைப்பு வந்தது. தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் சாரணர் வாழ்வு தொடர்ந்தது.

அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. யாங் ஹுய்மின் வீரப் பெண். ஆனால் வன்னியில் இருந்து இந்தக் கதையை வாசிக்கும்போது தென்கரையில் நின்று ஆர்ப்பரித்த கூட்டத்தின் மேல் கண் போகிறது. சீருடை அணிந்த ஒரு பிள்ளை நெருப்புக்குள் போகும்போது கரையில் நின்று கைதட்டுவது எளிது. அந்தப் பிள்ளையின் தாய் எந்தக் கரையில் நின்றாள் என்று எந்தப் படமும் கேட்கவில்லை.

இனி வன்னி

சென்னையில் கதவு திறந்த 1921இல் கிளிநொச்சி ஒரு பட்டினமாகவே இருக்கவில்லை. 1905இல் ரயில் பாதை காட்டை ஊடறுத்துப் போயிருந்தது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளம் 1920அளவில்தான் கட்டி முடிந்தது. யாழ்ப்பாணத்தின் காணி நெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் வழி தேடி 1936இல் குடியேற்றத் திட்டம் வந்த பிறகுதான் காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, கொட்டில் போட்டு ஊர்கள் எழுந்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தது.

சாரணர் துருப்பு நடத்தப் பெரிய செலவில்லை. கயிறும் தடியும் போதும். ஆனால் பாடசாலை விட்ட பிறகும் நிற்கிற ஓர் ஆசிரியர் வேண்டும். சனிக்கிழமை பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போகிற ஆசிரியர். வன்னிப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்று வந்தவர்களில் பலர் வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயிலேறி யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, குடும்பம் அங்கே. ஆனால் யாழ்ப்பாணக் கல்லூரிகளில் சாரணர் வேரூன்றியதற்கும் வன்னியில் தாமதமானதற்கும் இந்த வெள்ளிக்கிழமை ரயில் ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து.

பிறகு எங்களுக்கும் யுத்தம் வந்தது.

அந்த ஆண்டுகளை இங்கே முழுக்க எழுத இடமில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியாது. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், வீட்டுக்கு ஒருவர் போராட வர வேண்டும் என்ற கட்டளை வந்த பிறகு, வளர்ந்த பிள்ளை இருந்த வீடுகளில் இரவில் நாய் குரைத்தால் தாய் எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளை பிடிப்பு என்ற சொல் சாதாரணப் பேச்சில் வந்துவிட்டது. பிள்ளையைப் பங்கருக்குள் ஒளித்தவர்கள் உண்டு. படிப்பை நிறுத்திப் பதினாறு, பதினேழு வயதில் கலியாணம் செய்துவைத்தவர்கள் உண்டு. விரும்பிப் போன பிள்ளைகளும் உண்டு. இழுத்துப் போகப்பட்ட பிள்ளைகளும் உண்டு. திரும்பி வராத பிள்ளைகளின் சீருடைப் படங்கள் இன்றும் சில வீடுகளில் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன. 2009 மே மாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முட்கம்பிக்குள் இருந்தார்கள், பெரும்பாலானவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில்.

திரும்பி ஊருக்கு வந்தபோது இன்னொரு சீருடை வீதியெங்கும் நின்றது. முன்பள்ளிகளைக்கூடச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தியது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் ஆசிரியைக்குச் சம்பளம் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தது.

அந்த மண்ணில்தான் ஒரு நாள் ஓர் ஆசிரியர், பிள்ளைகளிடம் பெற்றோர் சம்மதக் கடிதத்தைக் கொடுத்தனுப்பினார். சாரணர் துருப்பு தொடங்கப் போகிறோம், உங்கள் பிள்ளைக்குச் சீருடை தைக்க வேண்டும், பாசறைக்கு இரண்டு இரவு வெளியே தங்க வேண்டும், கீழே கையெழுத்திடவும்.

இரண்டு இரவு வெளியே. வேறு எந்த ஊர்த் தாயும் அந்த வரியைக் கவலையில்லாமல் வாசித்துவிடுவாள்.

ஆனாலும் கையெழுத்துகள் வந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பாடசாலைத் துருப்புகள் எழுந்தன. குருளைச் சாரணர் வந்தார்கள். 2016இல் தேசிய ஜம்போரி யாழ்ப்பாணத்தில் நடந்தபோது, தெற்கின் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கழுத்துப்பட்டியோடு, வன்னியை ஊடறுத்து வடக்கே வந்து கூடாரமடித்தார்கள். யுத்தம் நடந்த அதே ஏ9 வீதி. அதே ஆனையிறவு.

சென்னையில் அரசின் பயம் தீர்ந்த காரணத்தைச் சொல்லிவிட்டேன். அதைவிடப் பெரிய பயம் வந்தது, சின்னப் பயம் விலகியது. வன்னித் தாயின் பயம் அப்படித் தீரக்கூடியதல்ல. அவள் எதை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்? ஆசிரியரின் முகத்தையா? பிள்ளையின் பிடிவாதத்தையா? அல்லது பயம் தீராமலே, பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல வாழட்டும் என்றா? கையெழுத்துப் போட மறுத்த தாய்மாரும் இருந்தார்கள். அவர்களின் நியாயம் என்ன?

அடுத்த வாரம் அந்தத் தாய்மாரிடமும், துருப்புகளைத் தொடங்கிய சாரண ஆசிரியர்களிடமும் போகிறோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். யுத்தத்துக்கு முன் வன்னிப் பாடசாலைகளில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்கள், உங்களிடம் ஒரு படமோ சின்னமோ சான்றிதழோ மிஞ்சியிருந்தால் பிரதியெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றால், உங்கள் பாடசாலையின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி அனுப்புங்கள், போதும்.